மோர்பி போர்சலின் டைல்ஸ், ஜெர்மனிக்கு முதல் கன்டெய்னர்: எந்தக் காகிதம் உண்மையில் தேவை?

புதுத்தரை கேட்கிறார்:

வணக்கம். குஜராத்தின் மோர்பியிலிருந்து போர்சலின் டைல்ஸ் வரவழைத்து ஜெர்மனியில் விற்கத் திட்டமிட்டிருக்கிறேன். நிறுவனப் பதிவு முடிந்துவிட்டது. சுங்கத்துக்கான இஓஆர்ஐ எண்ணும் கிடைத்துவிட்டது. முதல் கன்டெய்னருக்கு இரண்டு ரகங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இரண்டுமே 600க்கு 1200 மில்லிமீட்டர் அளவு, 9 மில்லிமீட்டர் தடிமன். ஒன்று பாலிஷ், மற்றொன்று மேட்.

எனக்குப் பொருள் தருபவர் தொழிற்சாலைக்காரர் அல்ல, ஏற்றுமதி வணிகர். பேசுவதற்கு நல்ல மனிதர், கேட்டதற்கெல்லாம் உடனே பதில் தருகிறார். அவர் அனுப்பிய கோப்பில் ஒரு சோதனை அறிக்கையும், தங்க நிற ஓரம் போட்டு முத்திரை வைத்த 'சி.இ. சான்றிதழ்' ஒன்றும் இருக்கின்றன. ஐரோப்பாவுக்கு இவை போதும் என்கிறார். ஆனால் ஹம்பர்க்கில் நான் பேசிய சுங்க முகவர் அந்தச் சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "உற்பத்தியாளர் யார், அவருடைய கூடுதல் குறியீடு என்ன, இன்வாய்ஸில் உறுதிமொழி வாசகம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். வணிகரிடம் இதைக் கேட்டால், "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்.

பெட்டியில் என் நிறுவனத்தின் பெயரையே பிராண்டாக அச்சிடலாம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். எனக்கும் அதில் ஆசைதான். வாங்குவதாகச் சொல்லியிருப்பவர்களில் ஒருவர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நுழைவுக்கூடத்துக்கும் படிக்கட்டுக்கும் கேட்கிறார். இன்னொருவருக்கு நீச்சல்குளத்தைச் சுற்றிப் பதிக்க வேண்டும்.

முன்பணம் அனுப்பும் முன் எதையெல்லாம் கையில் வாங்கியிருக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சுங்கவழி:

நண்பரே, முன்பணம் அனுப்பும் முன் கேட்டீர்களே, அதற்கே முதலில் பாராட்டு. கட்டடப் பொருள் இறக்குமதிக்கு ஆவணங்கள் சரிபார்ப்பதுதான் என் வேலை. பெரும்பாலானவர்கள் கப்பல் பாதி வழி வந்த பிறகுதான் என்னிடம் கோப்பைக் கொடுப்பார்கள்.

முதலில் அந்தத் தங்க ஓரச் சான்றிதழ். அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தரைக்கும் சுவருக்குமான சாதாரண டைல்ஸுக்கு சி.இ. குறியை, அதாவது பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்று காட்டும் குறியை, எந்த நிறுவனமும் 'வழங்குவது' இல்லை. இ.என். 14411 என்ற தரநிலையின்படி பொதுவான பயன்பாட்டுக்கு இவை 'முறைமை 4' என்ற பிரிவில் வருகின்றன. உற்பத்தியாளரே பொருளைச் சோதித்து, தன் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டைத் தானே நடத்தி, தன் பொறுப்பில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அப்படி அவர் எழுதித் தரும் ஆவணத்துக்குப் பெயர் செயல்திறன் அறிவிப்பு. சட்டத்தின் கண்ணில் மதிப்புள்ளது அதுதான். மூன்றாம் நபர் ஒருவர் முத்திரை குத்தித் தரும் அலங்காரத் தாளுக்கு அங்கே வேலையே இல்லை. உங்கள் முகவர் அதைத் திறக்காததற்குக் காரணம் அலட்சியம் இல்லை.

செயல்திறன் அறிவிப்பைக் கேட்டு வாங்குங்கள். வந்ததும் மேலோட்டமாகப் பார்க்காமல் வரிவரியாகப் படியுங்கள். பொருளின் அடையாளக் குறியீடு, உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும், எந்தப் பயன்பாட்டுக்கு, எந்த முறைமை, என்னென்ன செயல்திறன், கையெழுத்துப் போட்டவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஜெர்மனியில் விற்பதால் ஜெர்மன் மொழியிலும் வேண்டும். தீ எதிர்வினை என்ற இடத்தில் 'ஏ1', அதாவது எரியாத வகை, என்று இருக்கும். சுட்ட மண் என்பதால் சோதனையின்றியே அந்த வகுப்பு கிடைக்கும். தரநிலையின் ஆண்டையும் கவனியுங்கள். பல தொழிற்சாலைகள் புதியது என்று காட்ட 2016ஆம் ஆண்டுப் பதிப்பைக் குறிப்பிடுகின்றன. சி.இ. குறிக்காக ஒன்றியத்தின் அரசிதழில் இடம்பெற்றது 2012ஆம் ஆண்டுப் பதிப்பு. சின்ன விஷயம்தான். ஆனால் அறிவிப்பை எழுதியவருக்கு விஷயம் தெரியுமா என்பதை அந்த ஒரு எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது சோதனை அறிக்கை. இங்கேதான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன், நீங்களும் செலவிட வேண்டும். போர்சலின் என்று சொல்லிக்கொள்ள ஓர் அடிப்படைத் தகுதி உண்டு. ஐ.எஸ்.ஓ. 13006 தரநிலையில் உலர் அழுத்த முறையில் செய்த 'பிஐஏ' குழு டைல்ஸின் சராசரி நீர் உறிஞ்சல் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தனி ஒரு டைலில் 0.6ஐத் தாண்டக் கூடாது. 7.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமன் உள்ளவை குறைந்தது 1300 நியூட்டன் உடைவிசை தாங்க வேண்டும். வளைவு வலிமையின் சராசரி சதுர மில்லிமீட்டருக்கு 35 நியூட்டனுக்குக் குறையக் கூடாது. இந்த எண்களை எல்லோரும் பார்க்கிறார்கள். எல்லா அறிக்கைகளிலும் இவை அழகாகத் தேறியும் இருக்கும். யாரும் பார்க்காதது முதல் பக்கத்தில் இருக்கும் மாதிரி விவரம்தான்.

அங்கே என்ன எழுதியிருக்கிறது? அளவு 600க்கு 600, தடிமன் 8.5, மேற்பரப்பு மேட் என்றா? அப்படியானால் அது உங்கள் டைலின் அறிக்கையே அல்ல. விண்ணப்பித்தவர் பெயரில் இருப்பது தொழிற்சாலையா, வணிகரா? மாதிரியைச் சோதனைக்கூடமே எடுத்ததா, இவர்கள் கூரியரில் அனுப்பிவைத்ததா? அறிக்கை எண்ணைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, இது உங்களுடையதுதானா என்று நேரடியாகக் கேளுங்கள். ஒழுங்கான கூடங்கள் பதில் தரும். ஒரு தொழிற்சாலையின் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி இன்னொன்றுக்கு ஒட்டவைத்த கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். எழுத்துருவின் தடிமன் ஒரே ஒரு வரியில் மட்டும் மாறியிருக்கும்.

இப்போது உங்கள் முகவர் கேட்ட கேள்வி. 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவிலும் துருக்கியிலும் செய்த பீங்கான் டைல்ஸ் மீது ஐரோப்பிய ஒன்றியம் பொருள் குவிப்புத் தடுப்பு வரி (அடிமாட்டு விலையில் சரக்கைக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் கூடுதல் வரி) விதித்திருக்கிறது. இந்தியத் தொழிற்சாலைகளுக்கு அது 6.7 முதல் 8.7 சதவீதம் வரை. யாருக்கு எவ்வளவு என்பது தொழிற்சாலையைப் பொறுத்தது. ஒழுங்குவிதியில் பெயர் குறிப்பிடப்பட்ட நிறுவனங்களுக்கு டாரிக் (ஒன்றியத்தின் சுங்க வரிப் பட்டியல்) கூடுதல் குறியீடு உண்டு. உங்கள் முகவர் கேட்டது இதைத்தான். அந்தக் குறைந்த விகிதம் கிடைக்க வேண்டுமானால், இந்த இன்வாய்ஸில் உள்ள இத்தனை சதுர மீட்டர் டைல்ஸை இன்ன முகவரியில் உள்ள இன்ன நிறுவனம், இன்ன குறியீட்டுடன், இந்தியாவில் உற்பத்தி செய்தது என்று பெயர், பதவியுடன் கையெழுத்திட்ட உறுதிமொழி இன்வாய்ஸில் இருக்க வேண்டும். வாசகம்கூட ஒழுங்குவிதியிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. சொந்த நடையில் மாற்றி எழுதத் தேவையில்லை. அது இல்லாவிட்டால் 'மற்ற எல்லா நிறுவனங்களும்' என்ற உச்ச விகிதம்தான்.

"நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று உங்கள் வணிகர் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. வரி கட்டப்போவது அவர் இல்லை, நீங்கள். சரக்கு விடுவிக்கப்பட்டதோடு கதை முடிவதும் இல்லை. பிறகு தணிக்கையில் தவறு தெரிந்தால் மூன்று ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போய்ச் சுங்கத்துறை வித்தியாசத்தை வசூலிக்கலாம். அதற்குள் டைல்ஸ் யாரோ ஒருவர் வீட்டுத் தரையில் பதிந்து கிடக்கும். விலையை ஏற்றிக் கேட்கவா முடியும்?

இன்னொன்று: டைல்ஸ் எந்தத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது என்பது முக்கியமில்லை, எங்கே செய்யப்பட்டது என்பதுதான் முக்கியம். சீன டைல்ஸுக்கு 2011 முதலே 69.7 சதவீதம் வரை இதே வகை வரி இருக்கிறது. அதனால் வேறு நாட்டின் பெயரில் சீனச் சரக்கைத் தள்ளிவிடும் ஆசை சிலருக்கு வருகிறது. பெட்டியில் உள்ளதும் தாளில் உள்ளதும் ஒன்றுதானா என்று சுங்கத்துறை சந்தேகப்படுவதற்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

சுங்கம் பொருளை வகைப்படுத்தும் சரக்குக் குறியீட்டையும் இப்போதே சரிபாருங்கள். உங்களுடையது 6907 21, அதாவது நீர் உறிஞ்சல் 0.5 சதவீதத்துக்கு மேற்படாதது. கிளேஸ் செய்ததற்கு 6908 என்று முன்பு தனித் தலைப்பு இருந்தது; 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது நீக்கப்பட்டு எல்லாம் 6907க்குள் வந்துவிட்டன. இன்னும் 6908 என்று இன்வாய்ஸ் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு இன்வாய்ஸ் வந்தால், அனுப்புபவர் பழைய படிவத்தையே நகலெடுத்துக்கொண்டிருக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் பிராண்ட் ஆசை. இதைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். கட்டுமானப் பொருள் ஒழுங்குவிதி 305/2011இன் 15ஆவது பிரிவின்படி, தன் பெயரிலோ வணிகக் குறியிலோ பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் இறக்குமதியாளர் 'உற்பத்தியாளர்' ஆகிவிடுகிறார். செயல்திறன் அறிவிப்பில் கையெழுத்துப் போட வேண்டியது நீங்கள். தொழில்நுட்ப ஆவணங்களைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியதும் நீங்கள். மோர்பியில் நடக்கும் தரக்கட்டுப்பாட்டுக்கும் பொறுப்பு உங்களுடையதே. தொழிற்சாலையின் பதிவேடுகள் உங்கள் கைக்கு எட்டாதபோது எதை நம்பிக் கையெழுத்திடுவீர்கள்? 2024/3110 என்ற புதிய ஒழுங்குவிதி வந்துவிட்டது, ஆனால் டைல்ஸுக்கான புதிய தரநிலை அதன்கீழ் வரும்வரை பழைய வழியே தொடரும். எதன்படி பார்த்தாலும் இந்தச் சுமை இறங்கப்போவதில்லை. முதல் சில சரக்குகளைத் தொழிற்சாலையின் பெயரிலேயே கொண்டுவாருங்கள். இறக்குமதியாளர் என்று உங்கள் பெயரும் முகவரியும் பெட்டியிலோ உடன்வரும் தாளிலோ இருந்தால் போதும். அது எப்படியும் கட்டாயம்.

---

ஓடுபதிப்பவர்:

மேலே எழுதியவர் காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் அதே டைலை முழங்காலிட்டுப் பதிப்பவன். இரண்டு வாடிக்கையாளர்களைச் சொன்னீர்கள் அல்லவா, பாலிஷ் டைலை அந்த இரண்டு இடத்துக்கும் விற்காதீர்கள்.

வழுக்கலை இங்கே ஆர்9 முதல் ஆர்13 வரை பிரிக்கிறார்கள்; எண் கூடினால் வழுக்கல் குறைவு. சோதனை எப்படி நடக்கும் என்று ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். டைல் பதித்த பலகையின் மீது எண்ணெய் ஊற்றி, பாதுகாப்புக் காலணி போட்ட ஓர் ஆள் கயிற்றுப் பட்டை கட்டிக்கொண்டு அதன்மேல் முன்னும் பின்னுமாக நடப்பார். பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போவார்கள். அவர் கால் எந்தக் கோணத்தில் தடுமாறுகிறதோ அதுதான் கணக்கு. 6 முதல் 10 பாகை வரை தாங்கினால் ஆர்9, 19 வரை ஆர்10, 27 வரை ஆர்11. பாலிஷ் டைல்ஸ் பல 6 பாகையையே எட்டாது. அவற்றுக்கு ஆர் எண்ணே கிடையாது.

உள்படிக்கட்டுக்கும் உள்நுழைவுக்கும் ஆர்9 கேட்பார்கள். வெளிநுழைவு மழையில் நனைவது என்பதால் ஆர்11 வரை போக வேண்டியிருக்கும். நீச்சல்குளம் முற்றிலும் வேறு. அங்கே வெறுங்கால், சோப்பு நீர் வைத்துத் தனிச் சோதனை. ஏ, பி, சி என்று மூன்று வகுப்புகள். குளத்தைச் சுற்றியுள்ள நடைபகுதிக்கு பி, அதாவது குறைந்தது 18 பாகை. நீருக்குள் இறங்கும் படிக்கு சி, 24 பாகை. ஆர்11 இருக்கிறது என்பதற்காக பி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; ஒன்று காலணிக்கு, மற்றொன்று வெறுங்காலுக்கு. உங்கள் மேட் ரகத்துக்கு இரண்டு அறிக்கைகளும் தனித்தனியாக வேண்டும். ஒருவர் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

பெட்டியின் பக்கவாட்டைப் படிக்கப் பழகுங்கள். அளவு, வடிவமைப்பின் பெயர், பிஐஏ எல்லாம் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். ஷேடு எண்ணும் காலிபர் எண்ணும் மட்டும் பின்னர் மை அச்சில் அடிக்கப்பட்டிருக்கும். சில நேரம் கைபட்டு அழிந்தும் இருக்கும். ஷேடு சூளையிலிருந்து வந்த நிறச்சாயல், காலிபர் உண்மையான அளவு. ஒரே கன்டெய்னரில் இரண்டு ஷேடு கலந்து வந்தால் ஒரே கூடத்தில் பதிக்க முடியாது. மாலை வெயில் சாய்வாக விழும்போது தரை இரண்டாகப் பிரிந்து தெரியும். ஒரு ரகத்துக்கு ஒரே ஷேடு, ஒரே காலிபர் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். குறைந்துபோனால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்; அடுத்த சூளைத் தொகுதி அதே நிறத்தில் வருமென்று யாரும் உறுதி தர முடியாது.

1200 நீளத்தில் நடுப்பகுதி லேசாக மேலெழும்பி இருக்கும். தரநிலை அதற்கு ஓர் அளவு வரை இடம் கொடுக்கிறது, அது குறையல்ல. ஆனால் பாதிக்குப் பாதி மாற்றிப் பதித்தால் ஒன்றின் மேடும் மற்றதன் ஓரமும் அருகருகே வந்து காலை இடறும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகர்த்தக் கூடாது என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்புறத்தில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால், அது சூளை உருளையில் ஒட்டாமலிருக்கப் பூசியது. துடைக்காமல் பதித்தால் பசை பொடியைத்தான் பிடிக்கும், டைலைப் பிடிக்காது. நீரே உறிஞ்சாத பொருள் என்பதால் பசையும் சி2 வகையாக (ஒட்டும் திறன் கூடிய சிமெண்ட் பசை) இருக்க வேண்டும்.

---

புதுத்தரை:

இருவருக்கும் மிக்க நன்றி. சோதனை அறிக்கையை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். மாதிரி விவரத்தில் 600க்கு 600 என்றே இருக்கிறது. வணிகரிடம் கேட்டதற்கு, "ஒரே களிமண் மாவு, ஒரே சூளை, அளவு மட்டும்தான் வேறு" என்கிறார். மேலும் பாலிஷ் ஒரு தொழிற்சாலையிலிருந்தும் மேட் வேறொன்றிலிருந்தும் வருமாம். இது சிக்கலா? கார்பன் வரி டைல்ஸுக்கும் உண்டா? பேலட், எடை விஷயத்தில் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

---

சுங்கவழி:

ஒரே மாவு என்பது உண்மையாகவே இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் உற்பத்தியாளர், சொல்ல வேண்டிய இடம் அவருடைய தொழில்நுட்பக் கோப்பு. ஒரே வகைக்குள் பல அளவுகளைச் சேர்த்துச் சோதிக்க வழி உண்டு. எந்த அடிப்படையில் சேர்த்தார் என்பதை அவர் எழுத்தில் தரட்டும். ஆனால் உடைவிசையும் தட்டையான தன்மையும் அளவையும் தடிமனையும் பொறுத்து மாறுபவை. அவற்றை 600க்கு 1200 அளவிலேயே மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். முழு அறிக்கையும் புதிதாக வேண்டியதில்லை.

இரண்டு தொழிற்சாலைகள் என்பது தடையல்ல. ஆனால் இன்வாய்ஸில் இரண்டும் தனித்தனி வரியாக, தனித்தனி உறுதிமொழியுடன் இருக்க வேண்டும். குறியீடு வேறு, வரி விகிதமும் வேறாக இருக்கலாம். செயல்திறன் அறிவிப்பும் இரண்டு. வணிகரின் பெயரை உற்பத்தியாளர் இடத்தில் போட்டு வந்த ஒரு சரக்கு, திருத்திய தாள் வரும்வரை துறைமுகத்தில் கிடந்து வாடகை தின்றதைப் பார்த்திருக்கிறேன். தொழிற்சாலைகளின் பெயரைச் சொல்ல வணிகர் தயங்கினால், அந்தத் தயக்கத்தோடு வணிகம் செய்ய முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அவரைத் தாண்டிப் போய்விடுவீர்களோ என்ற பயம் அவருக்கு நியாயமானதுதான். அதற்கு ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

எல்லை கார்பன் வரி இப்போதைக்கு இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றுக்குத்தான். பீங்கான் அதில் இல்லை. 19 சதவீத இறக்குமதி விற்பனை வரியை மறக்காதீர்கள். சுங்கமும் குவிப்புத் தடுப்பு வரியும் சேர்ந்த தொகையின் மேல்தான் அது கணக்கிடப்படும். பின்னர் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் முதலில் பணம் கையில் இருக்க வேண்டும்.

மரப் பேலட்டில் ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பேக்கேஜிங் வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை இருக்க வேண்டும்: கோதுமைக் கதிர்ச் சின்னம், 'ஐஎன்' என்ற நாட்டுக் குறி, 'எச்டி' என்ற எழுத்துகள். மரத்தின் உள்மையம் 56 பாகை செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. இடைவெளியில் செருகும் மரக்கட்டைகளுக்கும் இது பொருந்தும். பேலட்டுக்கு முத்திரை இருக்கும், கதவோரம் முட்டுக்கொடுத்த கட்டைக்கு இருக்காது. பூச்சி ஆய்வாளர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கட்டைதான்.

எடை: 9 மில்லிமீட்டர் போர்சலின் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 21 கிலோ. இரண்டு டைல் கொண்ட ஒரு பெட்டி 1.44 சதுர மீட்டர், அதாவது 30 கிலோ. இருபது அடி கன்டெய்னரில் பாதி இடம்கூட நிரம்பாது, அதற்குள் எடை வரம்பு வந்துவிடும். ஜெர்மன் சாலையில் வண்டியோடு சேர்த்துப் பொதுவான உச்சம் 40 டன், ரயிலோடு இணைந்த போக்குவரத்துக்கு 44 டன். எத்தனை டன் ஏற்றுவது என்பதை மோர்பியில் முடிவு செய்ய விடாதீர்கள். இங்கே கன்டெய்னரை எடுத்து வரும் போக்குவரத்துக்காரரிடம் கேட்டு, அந்த எண்ணை ஆர்டரில் எழுதுங்கள்.

அட்டைப் பெட்டிக்கும் பேலட்டுக்கும் ஜெர்மனியின் பேக்கேஜிங் சட்டப்படி லூசிட் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். 2022 ஜூலையிலிருந்து எல்லா வகைப் பேக்கேஜிங்குக்கும் இது பொருந்தும். இணையத்திலேயே, கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். ஆனால் முதல் பெட்டியை விற்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

இரண்டு தொழிற்சாலைகளின் செயல்திறன் அறிவிப்புகளும் வந்ததும், விலை விவரங்களை மறைத்துவிட்டு இங்கே ஒட்டுங்கள். படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.